கேட் கேட்ட படிப்பு

கம்மங்கொல்லைத் தொழிற்பேட்டையில் வண்டி எஞ்சின்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது, அந்தக் கம்பெனிக்கு நீலப் பெயிண்ட் அடித்த பத்தடி உயர இரும்புக் கேட் ஒன்று இருந்தது, அந்தக் கேட் வழியாகப் பத்தொன்பது வருஷம் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்த தெய்வானையை, ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு அது உள்ளே விடவில்லை. விடவில்லை என்றால் யாரும் மறிக்கவில்லை. கேட் அகலத் திறந்துதான் கிடந்தது. வாட்ச்மேன் தனபாலன் வழக்கம்போல், "வாம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு" என்று கேட்டார். அவள் வலது காலை உள்ளே வைத்தாள், இடது காலைத் தூக்கி வைத்தபோது அது வெளியே தார் ரோட்டில், டீக்கடையைப் பார்த்த வாக்கில் இறங்கியது.

எதையோ மறந்துவிட்டுத் தானாகத்தான் திரும்பிவிட்டோம் என்று நினைத்து அவள் கைப்பையைத் திறந்து பார்த்தாள். டிபன் பாக்ஸ் இருந்தது, அடையாள அட்டை இருந்தது, தலைக்குக் கட்டுகிற துணி இருந்தது. மறுபடி போனாள். மறுபடி டீக்கடை தெரிந்தது. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடந்து கண்ணைத் திறந்தபோது, டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "வந்தது வந்துட்ட, ஒரு டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களில் பல பேருக்கும் அப்படியே ஆனது. எட்டரை மணிக்கெல்லாம் நாற்பத்தோரு பேர் ரோட்டில் நின்றார்கள், எழுபது பேர் உள்ளே போய்விட்டார்கள். இது என்ன கணக்கு என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வயசா என்றால், அறுபதை நெருங்கிய ஸ்டோர் கீப்பர் விசிலடித்துக்கொண்டு உள்ளே போனார். ஊரா, சாதியா, பெண்ணா ஆணா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் வீரபத்திரன்தான் அதைக் காட்டிக்கொடுத்தான். அவன் பத்தாவதில் எல்லாப் பாடமும் பாஸாகிக் கணக்கில் மட்டும் பெயிலானவன். அவன் இடுப்பு வரை உள்ளே போனான், அதற்கு மேல் போகவில்லை. முன்பாதி கம்பெனிக்குள்ளும் பின்பாதி ரோட்டிலுமாகக் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு நாலு பேர் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, கேட் பத்தாவது பாஸ் கேட்கிறது என்று.

தெய்வானை எட்டாவது வரை படித்தவள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அத்தனை வகுப்புத்தான் இருந்தது, ஒன்பதாவதுக்கு ஏழு மைல் போக வேண்டும், போகவில்லை. இருபத்துநாலு வயதில் இந்தக் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தபோது அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, "சூடு தாங்குவியாம்மா?" என்பதுதான். தாங்கினாள். அவளுக்கு நாலாம் நம்பர் பிரஸ்ஸைக் கொடுத்தார்கள். பிரஸ் என்றால் சூடேறிய இரண்டு இரும்புத் தட்டுகள். நடுவில் அச்சு இருக்கும், அச்சில் மாவு மாதிரி இருக்கிற ரப்பரைத் துண்டு துண்டாக வைத்து அழுத்தினால் ஒன்பது நிமிஷத்தில் வளையமாக வெந்து வரும். ஒன்பது நிமிஷம் என்று போர்டில் எழுதியிருந்தாலும், மழைக்காலத்தில் அது பத்தாகும், புது ரப்பர் வந்தால் எட்டரையாகும், கரண்ட் இறங்கினால் எவ்வளவு ஆகும் என்று எந்தப் போர்டிலும் இருக்காது. தெய்வானை வாசனையில் சொல்லிவிடுவாள். அவள் கையில் பத்தொன்பது வருஷத்துச் சூட்டுத் தழும்பு இருந்தது. கேட்டுக்கு அது தெரியவில்லை.

மதியம் மனிதவள அதிகாரி கோகுல்நாத் வெளியே வந்தார். இளவயதுக்காரர், நல்ல மனிதர்தான், எல்லாரையும் அம்மா அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"சார், எங்கள ஏன் சார் நிப்பாட்டிட்டீங்க?" என்றாள் தெய்வானை.

"யாரும்மா நிப்பாட்டினது? கேட் தெறந்துதானே இருக்கு."

"உள்ள போவ முடியல சார்."

"அது எனக்கும் புரியுதும்மா. ஆனா கம்பெனி யாரையும் வேலைய விட்டு எடுக்கல. ரெஜிஸ்டர்ல உங்க பேரு இருக்கு. நீங்க வரல, அதனால ஆப்சென்ட் போட்டிருக்கோம். தொடர்ந்து பத்து நாள் வரலன்னா நீங்களா நின்னுட்டதா ஆயிடும். அதுதான் ரூல். அதுக்குள்ள எப்படியாச்சும் வந்துடுங்க."

சொல்லிவிட்டு அவர் வருத்தத்தோடு திரும்பி நடந்தார். எம்.பி.ஏ. படித்தவர், கேட் அவரைத் தண்ணீர் மாதிரி உள்ளே வாங்கிக்கொண்டது.

அந்தப் பத்து நாளும் அவர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. காம்பவுண்டுச் சுவர் ஏறி அந்தப் பக்கம் குதித்தார்கள், குதித்த இடம் இந்தப் பக்கமாகவே இருந்தது, ஒருவருக்குக் கணுக்கால் பிசகியதுதான் மிச்சம். ரப்பர் மூட்டை ஏற்றி வந்த லாரியில் மூட்டைகளுக்கு நடுவே எட்டுப் பேர் உட்கார்ந்து போனார்கள். லாரி உள்ளே போனது, எட்டுப் பேரும் குந்தின வாக்கிலேயே ரோட்டில் வரிசையாக இருந்தார்கள். பத்தாவது பாஸான தங்கச்சியின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஒருத்தி போய்ப் பார்த்தாள், அட்டை உள்ளே விழுந்தது, அவள் வெளியே நின்றாள். பூசாரியைக் கூட்டிவந்து பூசணிக்காய் சுற்றினார்கள். பூசாரி மூன்றாவது வரை படித்தவர், காயை உள்ளே உடைக்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தவர் டீக்கடை பெஞ்சில் போய் இடித்துக்கொண்டார், காயை அங்கேயே உடைத்துவிட்டுப் போய்விட்டார். ஆட்டுக்கும் நாய்க்கும் மட்டும் எந்தத் தடையும் இருக்கவில்லை. தெய்வானை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளாடு ஒன்று உள்ளே போய், புல் மேய்ந்துவிட்டு, அலுத்துப்போய்த் திரும்பி வந்தது.

ஒன்பதாம் நாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். மனுவை வாங்கிப் படித்தார், கேட்டை மேலும் கீழும் பார்த்தார், உள்ளே போனார், வெளியே வந்தார், இன்னும் இரண்டு தடவை போய் வந்தார், பிறகு நோட்டில், 'கேட் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார். அவர் இரண்டு டிகிரி வாங்கியவர். பத்தாம் நாள் சாயங்காலம் சங்கு ஊதியது, நாற்பத்தோரு பேரும் தாங்களாகவே வேலையை விட்டு நின்றவர்கள் ஆனார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கேட் ஊருக்குப் பழகிவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர், "பத்தாவது கேட் எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து உள்ளே நடக்கச் சொல்லி, திரும்பி வந்து விழுகிறபோது, "பாத்தியா, படிக்கலன்னா இதான்" என்று முதுகில் ஒன்று வைத்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் சான்றிதழை நம்பாமல், எதற்கும் ஒரு நடை கேட் வரைக்கும் போய் வந்துவிடலாமே என்றார்கள், அப்படி இரண்டு கல்யாணம் நின்றது. டீக்கடைக்கு எதிரே ஒரு டுட்டோரியல் முளைத்தது. வாட்ச்மேன் தனபாலன் ஐந்தாவது படித்தவர், ஆனால் அவருடைய கூண்டு கேட்டுக்கு அரையடி வெளியே இருந்ததால் வேலை தப்பியது. உள்ளே இருக்கிற கக்கூஸுக்குத்தான் அவரால் போக முடியவில்லை, அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். யாரும் கேட்டைத் திட்டவில்லை. வெயிலைத் திட்டுகிற அளவுக்குக்கூடத் திட்டவில்லை. எட்டாவதோடு நின்றது தங்கள் குற்றம்தானே என்று தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தர் செங்கல் சூளைக்குப் போனார், ஒருத்தர் கோழிப்பண்ணைக்குப் போனார், தெய்வானை மாங்காய் சீசனில் மாம்பழக் கூழ் கம்பெனிக்குக் கொட்டை எடுக்கப் போனாள். சீசன் முடிந்ததும் வீட்டில் இருந்தாள்.

வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் மாதையன் லோடு ஏற்றுகிறவர், அதிகம் பேசமாட்டார். "விடு, வேற எதுனா பாக்கலாம்" என்பார், அந்த வேற எதுனா என்ன என்று இருவருக்கும் தெரியாது. மகள் இலக்கியா இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஒருநாள் பரீட்சை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தனியா எழுதலாம்மா. அஞ்சு பாடம்தான். நான் சொல்லித் தரேன்."

"நாப்பத்துமூணு வயசுல என்னாத்தடி படிக்கறது."

"பிரஸ்ஸு உனக்கு யார் சொல்லிக் குடுத்தா? நீயாதானே கத்துக்கிட்ட."

விடிகாலையில் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். தெய்வானைக்குத் தமிழ் வந்தது, சமூக அறிவியல் வந்தது, அறிவியலில் வெப்பம் பற்றின பாடம் வந்தபோது, புத்தகத்தில் எழுதினவர் பிரஸ் பக்கத்தில் நின்றதே இல்லை போலிருக்கிறது என்று சிரித்தாள். ஆங்கிலத்தை முழுசாக மனப்பாடம் செய்தாள். கணக்குத்தான் அவளை அழவைத்தது. எக்ஸ் என்பது யார், அவர் மதிப்பை இவள் ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை, ஆனாலும் கண்டுபிடித்தாள்.

இதற்கு நடுவில் உள்ளேயிருந்து போன் வரும். சூப்பர்வைசர் செல்வம்தான். "அக்கா, நாலாம் நம்பர்ல வளையமெல்லாம் கொப்புளம் கொப்புளமா வருதுக்கா. புதுப் பையன் டிப்ளமோ படிச்சவன், பாவம், அவனுக்கும் புரியல." முதல் தடவை அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை அவளுக்குக் கேட்கச் சகிக்கவில்லை, வளையம் வீணாகிறது என்பதுதான் மனசில் நின்றது. பஸ் ஏறிப் போய்க் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, பிரஸ் ஷெட்டின் காற்றாடி புகை தள்ளுகிற இடத்தில் நின்று, மூக்கை உயர்த்தி மோந்து பார்த்து, "காத்து அடைச்சிருக்கு, ரெண்டு தடவ திறந்து திறந்து அழுத்தச் சொல்லு, அரை நிமிஷம் கூட விடு" என்று சுவருக்கு மேலே கத்தினாள். உள்ளே கொப்புளம் நின்றது. அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு தடவையாவது அவள் சுவரோரம் நின்று கத்தினாள்.

"இதுக்கு என்னை எதுனா ஒரு பேரு போட்டு வச்சிக்கக் கூடாதா சார்?" என்று கோகுல்நாத்திடம் கேட்டாள்.

"ஆலோசகர்னு ஒரு போஸ்ட் இருக்கும்மா. ஆனா அதுக்கு டிகிரி வேணும்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

தெய்வானை பாஸானாள். கணக்கில் நாற்பத்தொன்று. மார்க் ஷீட் கைக்கு வந்த அன்று மாதையன் லோடுக்குப் போகாமல் அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கை படும் என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை அவள் தலைக்குக் குளித்து, டிபன் பாக்ஸ் கட்டி, மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஏழு ஐம்பதுக்குக் கேட் முன்னால் நின்றாள். டுட்டோரியலில் படித்துக் கணக்கை முடித்திருந்த வீரபத்திரனும் புதுச் சட்டையோடு வந்திருந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். வலது காலை உள்ளே வைத்தாள். இடது காலை வைத்தாள்.

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் அவளுக்கு எதிரே இருந்தார்கள்.

தனபாலன் கூண்டைவிட்டு இறங்கி வந்தார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். இன்னிக்குக் காலையிலேர்ந்து பன்னெண்டாவது கேக்குது."

அப்போதுதான் அவள் கவனித்தாள், போன வருஷம் உள்ளே போன எழுபது பேரில் முப்பது பேர் ரோட்டில் நின்றார்கள். விசிலடித்துக்கொண்டு போன ஸ்டோர் கீப்பரும் நின்றார். நேற்றுச் சாயங்காலம் சங்கு ஊதி வெளியே வந்தவர்கள், இன்று காலை திரும்பப் போக முடியவில்லை. கைப்பையைத் திறந்து, என்ன மறந்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் தெய்வானை சுவர் ஏறிப் பாருங்கள் என்றும் சொல்லவில்லை, ஏற வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீரபத்திரன் மட்டும் கேட்டுக்கு முன்னால் நின்று, "இப்ப இடுப்பு வரைக்கும்கூட விடமாட்டேங்குதேக்கா" என்றான்.

கண்டக்டர் தன் குரலை மாற்றிக்கொண்டார். "பன்னெண்டாவது கேட்" என்றார். டுட்டோரியல் போர்டிலும் எண்ணை மாற்றி எழுதினார்கள். இலக்கியா, "பன்னெண்டாவதும் எழுதலாம்மா" என்றாள். எழுதி முடிக்கிற அன்றைக்கு அது எதைக் கேட்கும் என்று தெய்வானை கேட்டாள். அதற்குப் பதில் மகளின் இன்ஜினியரிங் புத்தகத்தில் இல்லை. அடுத்த தைக்குள் கேட் டிகிரி கேட்க ஆரம்பித்துவிட்டது, கண்டக்டர், "டிகிரி கேட்" என்றார், யாரும் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

இலக்கியா படிப்பை முடித்தாள். ஊரில் அவள் தெருவில் முதல் இன்ஜினியர் அவள்தான். பெங்களூருக்குப் போனாள், சென்னைக்குப் போனாள். அங்கேயெல்லாம் கேட் ஒழுங்காக வேலை செய்தது, எல்லாரையும் உள்ளே விட்டது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர்கள்தான் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் எந்தக் கல்லூரி என்று கேட்டு, பெயரைக் கேட்டதும் பேனாவை மூடினார். ஒருவர் அனுபவம் எங்கே என்றார். ஒருவர் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு சொல்கிறோம் என்றார், சொல்லவில்லை. பதினான்கு மாதம் இப்படிப் போனது. அவள் ஒவ்வொரு தடவை பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போதும் தெய்வானை முகத்தைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள், சோற்றைப் போடுவாள்.

ஒரு புதன்கிழமை இலக்கியா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அம்மா, ரப்பர் கம்பெனில ஆள் எடுக்கறாங்க."

"ஆபீஸ்லயா?"

"இல்ல. பிரஸ்ல."

தெய்வானை சோற்றுக்கு எடுத்த தட்டைக் கீழே வைத்தாள்.

"டிகிரி இருந்தா போதுமாம். போய்ப் பாக்கறேன். வேற எது கெடைக்கற வரைக்கும்."

"அந்தச் சூடு உனக்கு ஆவாதுடி."

"உனக்கு ஆச்சில்ல."

"எனக்கு ஆனது உனக்கு ஆவக்கூடாதுன்னுதானடி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முடித்தாலும் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவள் மகள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை அவளும் கூடவே போனாள். வாழ்நாளில் அதுவரை வேண்டிக்கொள்ளாத ஒன்றை அன்று வேண்டிக்கொண்டாள், கேட் இன்று இன்னும் ஒரு படி ஏறியிருக்க வேண்டும், என் பிள்ளையை ரோட்டுக்கே திருப்பித் தர வேண்டும் என்று. உடனே பயந்துபோய், வேண்டாம், உள்ளேயே விடட்டும் என்று மாற்றி வேண்டிக்கொண்டாள். மகள் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். வலது கால் உள்ளே போனது, இடது கால் உள்ளே போனது, அதற்குப் பிறகு அவள் முதுகுதான் தெரிந்தது, சின்னதாகிக்கொண்டே போய் ஷெட்டுக்குள் மறைந்தது. அன்று சாயங்காலம் மகளின் இடது மணிக்கட்டில் மிளகாய் நீளத்துக்கு ஒரு சூட்டுக் காயம் இருந்தது. நாலாம் நம்பர் என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்பு தெய்வானை வாங்கிய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைச்சல் என்பதையும் சொன்னாள், பயிற்சிக் காலமாம்.

மகளுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் தெய்வானை தினமும் மதியம் கேட்டுக்குப் போனாள். அப்படி ஒருநாள் அங்கே ஒரு மேசை போட்டு ஒரு காண்டிராக்டர் உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்கு வெளியே சுவரோரம் ரோடு கூட்டவும் செடிக்குத் தண்ணீர் விடவும் ஆள் வேண்டும், வெளி வேலை என்பதால் கேட்டைத் தாண்டவே வேண்டியதில்லை. வரிசையில் வீரபத்திரன் முதலில் நின்றான். பெருமையாகப் பத்தாவது என்றான்.

"பத்தாவதா? வேணாம்ப்பா" என்றார் காண்டிராக்டர். "எட்டாவதுக்கு மேல படிச்சவங்கள எடுக்கறதில்ல. படிச்சவங்க நெலச்சி நிக்க மாட்டாங்க, வேற வேலைக்கு ஓடிருவாங்க."

"எங்கங்க ஓடறது?" என்றான் வீரபத்திரன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இலக்கியா சோறு வாங்க வெளியே வந்திருந்தாள், கையில் ரப்பர் கரி, முகத்தில் வியர்வை. சாப்பாட்டு நேரத்தில் இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. தெய்வானை ஒரு படிவத்தை வாங்கி வந்து அவளிடம் நீட்டினாள். பெயர், வயது, ஊர் எல்லாம் மகள் எழுதினாள். கல்வித் தகுதி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"எழுதுடி" என்றாள் தெய்வானை.

"அம்மா, எத்தன நாளு விடியக்காத்தால எழுந்தோம்."

"தெரியும். எழுது."

மகள் எழுதினாள். எட்டாம் வகுப்பு. எழுதிவிட்டு, அந்த எழுத்தின்மேல் ஊதினாள், காயாத மை மாதிரி. சங்கு ஊதிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு அவள் கேட்டைப் பார்த்து ஓடினாள்.

காண்டிராக்டர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "எட்டாவது. அதுக்கு மேல ஒண்ணும் படிக்கலியே?"

"இல்லைங்க" என்றாள் தெய்வானை.

கேட்டுக்குள் ஒரு காலை வைத்திருந்த இலக்கியா அதைக் கேட்டு ஒரு நொடி நின்றாள். பிறகு அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். கேட் அவளை உள்ளே வாங்கிக்கொண்டது.